திசை மாறிப் பூட்டிய டயர்

கார் டயர்களுள் ஒரு வகை, ஒரே திசையில் மட்டும் உருளும்படி வடிவமைக்கப்படுகிறது. திசை டயர் எனப்படும் இவ்வகையின் பக்கச்சுவரில் உருள வேண்டிய திசையை அம்புக்குறி காட்டும், சாலையைத் தொடும் பரப்பில் காடிகள், அதாவது ரப்பரில் அமைந்த பள்ளங்கள், 'வி' எழுத்தின் வடிவில் அடுக்கடுக்காக ஓடும்.

காடிகளின் முதன்மையான வேலை தண்ணீரை அகற்றுவதாகும். 20 செ.மீ. அகலமுள்ள டயர், 3 மி.மீ. ஆழம் நீர் நிற்கும் சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓடும்போது, தன் வழியிலுள்ள ஏறத்தாழ 13 லிட்டர் நீரை ஒவ்வொரு வினாடியும் விலக்கியாக வேண்டும். சரியாகப் பூட்டிய டயரில் 'வி'யின் கூர்முனை முதலில் தரையில் பதிந்து, அதன் இரு கைகளும் பின்தொடர்ந்து அழுந்துவதால், நடுவில் சிக்கும் நீர் காடிகள் வழியே ஓரங்களுக்குப் பாய்ந்து வெளியேறுகிறது. மாற்றிப் பூட்டினாலோ ஓரங்கள் முதலில் பதிவதால், நீர் எளிதாக வெளியேற வழியின்றி நடுப்பகுதியில் தேங்க முற்படுகிறது. காடிகள் அப்போதும் ஓரளவு நீரை வாங்கிக்கொள்ளும் என்றாலும், டயர் நீர்ப்படலத்தின்மேல் ஏறி மிதக்கும் நிலை குறைந்த வேகத்திலேயே நேரக்கூடும். அந்நிலையில் ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கார் கட்டுப்படாது.

இந்த நீர்மேல் வழுக்கலை விமான டயர்களைக் கொண்டு ஆராய்ந்த நாசாவின் வால்டர் ஹார்ன், ராபர்ட் டிரெஹர் ஆகியோர் 1963-இல் வெளியிட்ட அறிக்கையில், வழுக்கல் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று காட்டினர். அக்கணக்கின்படி 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு அது மணிக்கு ஏறத்தாழ 94 கி.மீ. ஆகும். காடிகள் நீரைச் சமாளிக்க முடியாத நிலைக்கே இவ்வெல்லை பொருந்தும். ஆகவே நெடுஞ்சாலை வேகத்தில் காடியின் திசை எவ்வளவு முக்கியம் என்பது தெளிவாகிறது.

உலர்ந்த சாலையில் இத்தவறு பெரும்பாலும் வெளியே தெரியாது என்பதே மிகுந்த கவலைக்குரியது. இரைச்சல் கூடலாம், மெக்கானிக்குகள் பட்டன் என்று சொல்லும் ரப்பர்த் துண்டங்கள் ரம்பப் பல்லைப்போல் ஒருபுறம் மட்டும் தேயலாம். இவற்றையும் ஓட்டுநர் அலைன்மென்ட் கோளாறு என்றே எண்ணிவிடக்கூடும்.

சக்கரங்களை இடம் மாற்றும்போதுதான் தவறு எளிதில் நேர்கிறது. சாதாரண டயர்களைக் குறுக்காக மாற்றும் பழக்கத்தில், இடப்பக்கச் சக்கரத்தை அப்படியே வலப்பக்கம் பூட்டினால் அம்பு பின்னோக்கித் திரும்பிவிடும். எனவே திசை டயரை அதே பக்கத்தில் முன்பின்னாக மாற்றலாமே தவிர, பக்கம் மாற்ற வேண்டுமானால் ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போட்டு, வீல் பேலன்ஸிங்கும் செய்ய வேண்டும். ஸ்டெப்னியும் திசை டயராக இருந்தால் அது ஒரு பக்கத்துக்கே பொருந்தும். வழியில் பஞ்சராகி அதை மறுபக்கம் பூட்ட நேர்ந்தால், ஈரச் சாலையில் வேகத்தைக் குறைத்து ஓட்டிச் சென்று, அடுத்த டயர் கடையிலேயே சரிசெய்துகொள்வது நல்லது.