இரு மாநிலத்து மாத்திரைகள்

கேரளத்து வண்டன்மேட்டைச் சுற்றியுள்ள ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கும் பெண்களில் தமிழர்கள் ஏராளம். சிலர் தலைமுறைகளாக லயம் எனப்படும் தோட்டத்து வரிசைவீடுகளில் குடியிருப்பவர்கள். மற்றவர்கள் மலைக்குக் கீழே தமிழ்நாட்டுக் கம்பத்திலும் கூடலூரிலும் விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு அல்லது குமுளி வழியாக மலைக்கு வந்து, சாயங்காலம் இறங்கிப் போகிறவர்கள். பெரும்பாலான தோட்டங்களில் ஒதுங்கச் செடிமறைவு உண்டு. கழிப்பறை எட்டும் தூரத்தில் இருப்பது அரிது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்றது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். சிறு தோட்டங்கள் அதன் வரம்புக்கு வெளியே நின்றுவிட்டன. ஆகவே தண்ணீரைக் குறைப்பதும் மணிக்கணக்கில் அடக்கிக்கொள்வதும் இந்தப் பெண்களுக்கு இளவயதிலேயே பழகிப்போனவை.

அறுபதைத் தாண்டியபின் பலர் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் தொல்லை ஒன்று இருக்கிறது. "முட்டிக்கிட்டு வந்தா நிக்கவே மாட்டேங்குது. எந்திரிச்சு நடக்குறதுக்குள்ள சேலை நனைஞ்சிருது." சிறுநீர்ப்பை நிரம்பும் முன்பே அதன் தசை சுருங்கி அவசரப்படுத்தும் இந்த நிலையை மருத்துவர்கள் மிகைச்செயல் நீர்ப்பை என்கிறார்கள். ஒரு நாளில் எட்டு முறைக்கு மேலும் போக நேரும், தூக்கத்திலிருந்தும் எழுப்பும். வெட்கத்தோடு முடிகிற விஷயமும் இல்லை இது. 6,049 வயதான பெண்களைத் தொடர்ந்து கவனித்து அமெரிக்காவில் 2000இல் வெளியான ஆய்வில், வாரம் ஒருமுறையாவது அவசரக் கசிவு உள்ளவர்களுக்குக் கீழே விழும் வாய்ப்பு 26 சதவீதமும் எலும்பு முறியும் வாய்ப்பு 34 சதவீதமும் கூடுதலாக இருந்தன. கழிப்பறை வெளியே இருக்கும் லயத்தில், மழை இரவில், ஈரப் படிக்கட்டில் இந்த எண்கள் எதைக் குறிக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

எனவே சிகிச்சை அவசியம். இங்கே எச்சரிக்க வேண்டியது, அதற்கென்று முதலில் எழுதித் தரப்படும் மாத்திரையைப் பற்றி.

ஆக்சிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனசின், டாரிஃபெனசின் ஆகியவை இந்த வகையில் அதிகம் வழங்கப்படுபவை. நீர்ப்பைத் தசையைச் சுருங்கச் சொல்லும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளை இவை தடுக்கின்றன. அதே அசிடைல்கோலின்தான் மூளையில் புதியதைப் பதியவைக்கவும் கவனத்தைக் குவிக்கவும் வேலை செய்கிறது. அல்சைமர் நோயில் ஆரம்பத்திலேயே அடிபடுவதும் அதைச் சுரக்கும் நரம்பணுக்களே. இரத்தத்திலிருந்து மருந்தை எளிதில் உள்ளே விடாமல் மூளையைக் காக்கும் தடுப்பும் வயது ஏறஏறத் தளர்கிறது. கீழே ஒன்றை நிறுத்தப் போன மாத்திரை மேலேயும் ஒன்றை நிறுத்தக்கூடும்.

2006இல் வெளியான ஒரு சோதனையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அறுபதைத் தாண்டிய, ஆரோக்கியமான 150 பேருக்கு மூன்று வாரம் மாத்திரை கொடுத்து, முகங்களையும் அவற்றின் பெயர்களையும் சற்று நேரம் கழித்து நினைவுபடுத்தச் சொன்னார்கள். ஆக்சிபியூட்டினின் எடுத்தவர்களின் நினைவாற்றல் பத்து வயது கூடினால் எவ்வளவு குறையுமோ அந்த அளவுக்குக் குறைந்திருந்தது. டாரிஃபெனசின் எடுத்தவர்களுக்கு வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறைவு தெரியவில்லை. ஆக எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. கவனிக்க வேண்டியது, நினைவு குறைந்தவர்களுக்கே அது தெரியவில்லை என்பது. தங்கள் ஞாபகம் பழையபடியே இருப்பதாகத்தான் அவர்கள் மதிப்பிட்டுக்கொண்டார்கள். "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று பாட்டி சொல்வதை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் நிம்மதி கொள்ள முடியாது.

நீண்டகாலக் கணக்குகளும் உள்ளன. அமெரிக்காவின் சியாட்டிலில் 65 வயதைக் கடந்த 3,434 பேரைச் சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில் 797 பேருக்கு மறதிநோய் வந்திருந்தது. அசிடைல்கோலினை வலுவாகத் தடுக்கும் மருந்துகளை அதிகம் உட்கொண்டவர்களுக்கு, அவற்றைத் தொடாதவர்களைவிட அந்த ஆபத்து 54 சதவீதம் கூடுதல். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் 2019இல் மறதிநோய் உள்ள 58,769 பேரை, அது இல்லாத 2,25,574 பேரோடு ஒப்பிட்டது. நீர்ப்பை மாத்திரைகளிலும் அதே சாய்வுதான் தெரிந்தது.

மாத்திரைதான் நோயைக் கொண்டுவந்தது என்று இவை நிரூபிக்கவில்லை. மறதிநோயின் தொடக்கமே நீர்ப்பையைத் தொந்தரவு செய்து, அதற்காக மாத்திரை எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் வேறு வழிகள் இருக்கும்போது, எழுபது வயதுப் பெண்ணின் நினைவை வைத்து அந்த விடையைத் தேட வேண்டுமா? வேண்டாம் என்பதே என் முடிவு. பெண்களின் இடுப்பு உறுப்பு நோய்களுக்கான அமெரிக்க மருத்துவர் சங்கமும் எழுபதைக் கடந்த பெண்களுக்கு இந்த வகையைத் தவிர்க்கும்படி 2021இல் அறிவுறுத்தியது.

நம் நாட்டில் அறுபதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்துக்கும் விகிதம் கூடுதல். பள்ளிக்குப் போகாமல் தோட்டத்துக்குப் போன பெண், மாத்திரையைத் தொடும் முன்பே ஆபத்து கூடிய வரிசையில்தான் நிற்கிறார்.

இனி, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவது என்ற கேள்வி. பிரிட்டனின் மருந்துச்சீட்டுகளை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த கணக்கின்படி, ஓராண்டு முடிவில் சோலிஃபெனசினைத் தொடர்ந்தவர்கள் 35 சதவீதம். அந்தப் பட்டியலில் அதுதான் உச்சம். ஃபிளாவோக்சேட் என்ற மருந்தைத் தொடர்ந்தவர்கள் வெறும் 14 சதவீதம். வாய் வறண்டுபோகிறது, மலம் இறுகுகிறது, பலன் தெரியச் சில வாரமாகிறது, விட்டுவிடுகிறார்கள். இதை மீறல் என்று திட்டுவது தவறு. உடம்பு சொன்னதைக் கேட்டு நிறுத்தியவர் ஒருவர். நிறுத்தினோம் என்பதே நினைவில்லாதவர் இன்னொருவர். இரண்டாமவர் இரண்டு நாள் மறந்து, மூன்றாம் நாள் இரண்டாகச் சேர்த்து விழுங்குவார். மெல்லக் கரைய வேண்டிய மாத்திரையைப் பாதியாக உடைத்தால் ஒரு நாளுக்கான மருந்து சீக்கிரத்திலேயே இரத்தத்தில் இறங்கிவிடும்.

மாத்திரை ஞாபகத்தை மங்கவைக்க, மங்கிய ஞாபகம் மாத்திரையைத் தவறவிட, அவசரம் குறையவில்லையே என்று மருத்துவர் அளவைக் கூட்ட, ஞாபகம் இன்னும் மங்குகிறது. வீட்டார் இதற்கு "வயசாயிருச்சு" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

எல்லையில் இருப்பது இந்தச் சிக்கலை இரட்டிப்பாக்குகிறது. மலையில் இருக்கும் மாதங்களில் கட்டப்பனையிலோ நெடுங்கண்டத்திலோ வாங்கிய சீட்டு ஒன்று. திருவிழாவுக்கும் பேரன் வீட்டுக்கும் கம்பம் போனால் அங்கே வேறொன்று. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது, நல்ல திட்டம். ஆனால் மலைமேல் மலையாளத்தில் விளக்கிக் கொடுத்த மாத்திரை அதே மஞ்சப்பையில் இருப்பது கீழே வருபவருக்குத் தெரிய வழியில்லை. மொத்தப் பையையும் பார்த்தவர் யாரும் இல்லை.

அந்தப் பையில் நீர்ப்பை மாத்திரை தனியாக இருப்பதும் அபூர்வம். சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின், அரிப்புக்கு ஹைட்ராக்சிசின், வயிற்றுப் பிடிப்புக்கு டைசைக்ளோமின், நரம்புவலிக்கும் தூக்கத்துக்கும் எழுதப்படும் அமிட்ரிப்டிலின்: இவை எல்லாமே அசிடைல்கோலினைத் தடுப்பவை. முதியோருக்குத் தவிர்க்க வேண்டியவை என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பீர்ஸ் பட்டியலில் இந்த நான்கும் உண்டு. ஒவ்வொன்றும் சிறு அளவுதான், ஆனால் மூளைக்குப் போய்ச் சேருவது கூட்டுத்தொகை. இன்னொரு பக்கம், அழுத்தத்துக்கோ கால்வீக்கத்துக்கோ கொடுத்த நீர் மாத்திரையைச் சாயங்காலம் சாப்பிடுவதால் இரவெல்லாம் எழுந்திருக்கும் பெண்ணுக்கு நீர்ப்பை மாத்திரையே தேவைப்படாமல் போகலாம். மருத்துவர் நேரத்தைக் காலைக்கு மாற்றினால் போதும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளும் சிறுநீரைக் கூட்டும்.

தலைகீழான சங்கிலியும் நடக்கிறது. மறதிநோய்க்குக் கொடுக்கும் டோனெபெசில் அசிடைல்கோலினைக் கூட்டுவது. அதனால் சிலருக்குக் கசிவு வரும். கசிவுக்கென்று அதைத் தடுக்கும் மாத்திரை எழுதப்படும். கனடாவின் ஒன்டாரியோவில் இப்படி எழுதப்படுவது கணிசமாகக் கூடியிருப்பதை 2005இல் பதிவுசெய்தார்கள். ஒரே உடம்புக்குள் இரண்டு மாத்திரைகள் ஒன்றையொன்று முறியடிக்கின்றன.

வேறு வழி என்று சொன்னது ஆறுதலுக்காக அல்ல. 55 முதல் 92 வயது வரையிலான 197 பெண்களை வைத்து நடத்தி 1998இல் வெளியிட்ட சோதனையில், நீர்ப்பைப் பயிற்சி கசிவை 80.7 சதவீதம் குறைத்தது. ஆக்சிபியூட்டினின் குறைத்தது 68.5 சதவீதம்தான். பயிற்சிக்குக் காசு இல்லை. அவசரம் வந்ததும் ஓடாமல் நின்று அல்லது உட்கார்ந்து, ஒண்ணுக்கை அடக்கும் தசையைச் சட்டுச்சட்டென்று சில முறை இறுக்கி விட வேண்டும். அந்த அலை தணிந்தபின் நடந்து போக வேண்டும். இடைவெளியைப் படிப்படியாக நீட்ட வேண்டும். நினைவு ஏற்கெனவே தளர்ந்தவருக்கு இது கைகூடாது. இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை வீட்டார் கூட்டிப்போவதுதான் அவருக்கான வழி. இதற்கெல்லாம் முன்னால் சிறுநீரில் கிருமித்தொற்று இருக்கிறதா, சர்க்கரை ஏறியிருக்கிறதா, மலச்சிக்கல் நீர்ப்பையை அழுத்துகிறதா என்று பார்த்தாக வேண்டும். கடுந்தேநீரைக் குறைக்கலாம். தண்ணீரை ஒரேயடியாகக் குறைப்பது கூடாது. கெட்டியான சிறுநீரும் பையை உறுத்தும்.

பயிற்சி போதாதவர்களுக்கு மிராபெக்ரான் இருக்கிறது. அது அசிடைல்கோலினைத் தொடுவதில்லை, ஆனால் இரத்த அழுத்தத்தை ஏற்றலாம். அழுத்தம் 180/110ஐத் தொடுகிறவர்களுக்குக் கொடுப்பதில்லை. மற்றவர்களுக்கும் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஏற்கெனவே இந்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்த வேண்டாம். இரு மாநிலத்திலும் வாங்கிய அத்தனையையும், கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவர் முன் கொட்டுங்கள். கூட ஒருவர் போக வேண்டும். ஞாபகம் எப்படி இருக்கிறது என்பதை அவர்தான் சொல்ல முடியும். அந்தச் சந்திப்புவரை காத்திருக்கக் கூடாத நிலை ஒன்றும் உண்டு. மாத்திரை தொடங்கியோ அளவு கூடியோ சில நாளில் ஆள் தெரியாமல் பேசுவது, இல்லாததைப் பார்ப்பது, பகலில் மயங்கி இரவில் விழிப்பது, வயிறு உப்பியும் சிறுநீர் இறங்காமல் இருப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீரென்று வரும் இந்தக் குழப்பம் மறதிநோய் அல்ல. காரணமான மருந்தை நேரத்தோடு கண்டுபிடித்து நிறுத்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.