ஆய்வு ஊருக்கு வருகிறது. நம் தெருவுக்கு வருகிறதா?

மேட்டூர் அணை திறந்து, குறுவை நடவு முடிந்து, பயிர் பச்சை பிடித்ததும் டெல்டா வயல்களில் பூச்சி மருந்து வாடை வீசத் தொடங்கிவிடும். முதுகில் ஸ்பிரேயரைச் சுமந்துகொண்டு வரப்பில் நடப்பவர் பெரும்பாலும் வயலுக்குச் சொந்தக்காரர் அல்ல, நம் தெருக்காரர். குத்தகைக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் பார்ப்பவர்களும் நம்மில் உண்டு. மீந்த மருந்து வீட்டுக்குத்தான் வருகிறது. தனி அறை, பூட்டிய அலமாரி எல்லாம் ஏது? பிள்ளைகள் படுத்துறங்கும் ஒற்றை அறையின் மூலையிலோ, கூரைச் செருகலிலோ அது இருக்கும். கடன்காரர் வாசலில் நின்று பேசிவிட்டுப் போன இரவிலும் அது அங்கேயேதான் இருக்கும்.

தற்கொலை எண்ணம் பலருக்கு ஒரு வேகத்தில் வருவது. அந்த வேகம் தணியும்வரை நஞ்சு கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் பிழைத்துவிடும். இதை அடிப்படையாகக் கொண்டு நமக்குப் பக்கத்திலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது.

கொள்ளிடத்துக்கு வடக்கே, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதி. சட்டமன்றத்துக்குத் தனித்தொகுதியாக இருக்கும் மண். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் புள்ளியியல் துறையினரும் சேர்ந்து அங்கே 4 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டில், உள்ளூர் மக்களின் பங்கேற்போடு, பூச்சி மருந்தை வைத்துப் பூட்ட ஒரு பொதுக் கிடங்கு கட்டப்பட்டது. மற்ற இரண்டில் எதுவும் கட்டவில்லை. அவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. தொடக்கத்தில் ஒரு கணக்கெடுப்பு, 18 மாதம் கழித்து இன்னொன்று. முதல் சுற்றில் 4,446 பேர் சேர்க்கப்பட்டார்கள். கிடங்கு கட்டிய கிராமங்களில் பூச்சி மருந்தால் நடந்த தற்கொலைகளும் முயற்சிகளும் குறைந்தன என்று 2013-இல் முடிவு வெளியானது. இது சிறிய முன்னோட்ட ஆய்வுதான். ஆனாலும், மக்கள் கிடங்கைப் பயன்படுத்துவார்கள் என்பதை அது காட்டியது.

இத்தகைய ஆய்வுகளில் மாத்திரை, ஊசி எதுவும் கிடையாது. ஒரு பழக்கத்தையோ ஏற்பாட்டையோ மாற்றிப் பார்ப்பார்கள். தனி மனிதருக்குப் பதிலாக முழுக் கிராமத்தையும் ஓர் அலகாக எடுத்து, எந்தக் கிராமத்துக்குத் திட்டம், எந்தக் கிராமத்துக்கு இல்லை என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வார்கள். ஆய்வு முறை என்ற அளவில் இது நேர்மையானதே.

நமக்கு எழும் கேள்வி வேறு. ஆய்வாளரின் தாளில் கிராமம் என்பது ஒன்று. நம் டெல்டாவில் அது இரண்டு: ஊர், சேரி. 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் பட்டியல் சாதியினர். அப்படிப்பட்ட மண்ணில் ‘பொது’ என்று ஒரு கட்டடம் எழுப்பினால் அது எந்தத் தெருவில் நிற்கும்? கோயில் வாசல் பக்கம் நின்றால், மாலையில் மருந்துப் புட்டியோடு நம் ஆள் அங்கே தயங்காமல் போய்வர முடியுமா? சாவி யார் பொறுப்பில் இருக்கும்? ‘ஊரே சம்மதித்தது’ என்று எழுதும்போது அந்தச் சம்மதத்தைச் சொன்னவர் யார்? காட்டுமன்னார்கோயில் ஆய்வைக் குறை சொல்வதற்காக இவற்றைக் கேட்கவில்லை. இனி டெல்டாவுக்கு வரும் ஒவ்வொரு ஆய்வுக் குழுவிடமும் கேட்க வேண்டியவை இவை.

பூட்டினால் போதுமா என்பதும் தனிக் கேள்வி. இலங்கையின் நெல் விளையும் அனுராதபுரம் மாவட்டத்தில் ரஜரட்ட பல்கலைக்கழகமும் பிரிட்டன் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து இதைப் பெரிய அளவில் சோதித்தன. 180 கிராமங்கள், 53,382 குடும்பங்கள். குலுக்கலில் வந்த கிராமங்களின் விவசாயக் குடும்பங்களுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்து 3 ஆண்டுகள் கவனித்தார்கள். பெட்டியால் நஞ்சருந்துதல் குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2017-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்பதை ஒளிக்காமல் வெளியிட்டதே அந்த ஆய்வின் பெருமை.

அதே இலங்கையில் பலன் தந்தது வேறு வழி. கொடிய பூச்சிக்கொல்லிகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. 1995 முதல் 2015 வரை அங்கே தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. ஏறத்தாழ 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். தமிழக அரசும் 2023 தொடக்கத்தில் 6 பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை விதித்தது. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாநில அரசால் தற்காலிகமாகத்தான் தடுக்க முடியும். நிரந்தரத் தடை ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது.

பெட்டியும் கிடங்கும் சாவி வைத்திருப்பவருக்கு உதவும். சாவி இல்லாத வீட்டையும் காப்பது தடை. எனவே நம் தெருவின் முதல் கோரிக்கை தடையாகத்தான் இருக்க முடியும். ஆனால் எது பலன் தரும், எது தராது என்பதை ஆய்வுகளே நமக்குக் காட்டின. ஆய்வுக்கு வருகிறவர்களைத் துரத்த வேண்டியதில்லை, உட்கார வைத்துக் கேட்டால் போதும்.

கேட்பதற்கு நமக்கு உரிமையும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, ஊர்த் தலைவர் அனுமதி தந்தாலும் அது தனி மனிதரின் சம்மதத்துக்கு ஈடாகாது. ஆய்வு விவரம் நமக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. மருந்து ஆய்வுக்கு மட்டுமல்ல, பழக்கத்தை மாற்றிப் பார்க்கும் ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் (சிடிஆர்ஐ) பதிவும் வேண்டும். அந்தப் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம். நம் தெருவில் படிக்கும் பிள்ளைகள் தேடிச் சொல்லிவிடுவார்கள்.

நோட்டுப் புத்தகத்தோடு வருகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை நான்கு. எங்கள் தெரு வீடுகளும் கணக்கில் உண்டா? கட்டுவதை எங்கே கட்டுவீர்கள், பொறுப்பாளராக எங்களில் ஒருவர் இருப்பாரா? ஒப்பீட்டுக்கு மட்டும் வைக்கப்படும் கிராமத்துக்கு, பலன் உறுதியான பிறகு என்ன கிடைக்கும்? முடிவைத் திரும்பி வந்து எங்களிடம் சொல்வீர்களா?

நம் வீட்டு மரணங்கள் அவர்கள் அட்டவணையில் எண்ணாகப் பதிவாகின்றன. அந்த எண்ணிலிருந்து என்ன தெரிந்தது என்பதைக் கேட்டறிவது நம் கடமையும்கூட.

(மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் பேசுங்கள்: தமிழக அரசு உதவி எண் 104, டெலி மானஸ் 14416, ஸ்நேகா 044-24640050.)