இடித்தவரின் காப்புறுதியில் இருக்கிறது உங்கள் பணம்

ஸ்கூடாய், பாகோ, பாரிட் ராஜா பக்கம் இருக்கும் உயர்கல்விக்கூடங்களின் வாகன நிறுத்துமிடங்களை ஒருமுறை சுற்றி வாருங்கள். அப்பா ஓட்டி, அண்ணன் ஓட்டி, கடைசியில் நம் கைக்கு வந்து சேர்ந்த கஞ்சில், வீரா, முதல் தலைமுறை மைவி என வரிசையாக நிற்கும். நான்காயிரம் ரிங்கிட்கூடப் பெறாத காருக்கு முழுமையான காப்புறுதி எதற்கு என்று பல வீடுகளில் மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தீபகற்ப மலேசியாவில் 1,400 சி.சி. வரையிலான தனியார் காருக்கு இதன் அடிப்படைக் கட்டணம், தாரிஃப் அட்டவணைப்படி 120 ரிங்கிட் 60 சென். அதே காருக்கு முழுமையான காப்புறுதி என்றால் அந்த அட்டவணையில் முதல் ஆயிரம் ரிங்கிட் மதிப்புக்கே 273 ரிங்கிட் 80 சென் ஆகிவிடும். காருக்கு வயது கூடினால் முழுமையான காப்புறுதி தரவே சில நிறுவனங்கள் தயங்கும்.

அதனால் அந்த முடிவில் தவறில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு நம்பிக்கையில்தான் தவறு இருக்கிறது. "தேர்ட் பார்ட்டிதானே, கார் அடிபட்டால் ஒரு காசும் வராது" என்கிறார்கள். தவறு உங்களுடையது என்றால் அது உண்மை. தவறு எதிராளியுடையது என்றால் உங்கள் காரைப் பழுதுபார்க்கும் பணத்தை அவருடைய காப்புறுதி நிறுவனத்திடம் கேட்கலாம். அங்கே நீங்கள்தான் மூன்றாம் தரப்பு. இது தெரியாமலேயே பலர் சாலையோரத்தில் சில நூறு ரிங்கிட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90-ஆவது பிரிவு, காப்புறுதி இல்லாமல் வாகனம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் அந்தச் சட்டம் கட்டாயமாக்குவது அடுத்தவரின் மரணத்துக்கும் காயத்துக்குமான பாதுகாப்பை மட்டுமே. இரும்பைவிட எலும்பு முக்கியம் என்ற கணக்கு. பிரிட்டன் 1930-இல் கொண்டுவந்த சட்டத்திலிருந்து இந்த எண்ணம் இப்படித்தான் வந்துகொண்டிருக்கிறது. இந்தியாவிலும் சாலை விபத்துகள் தொடர்பாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். அந்த வழக்கில் 2018-இல் பிறந்த உத்தரவால்தான் அங்கே புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்தே மூன்றாம் தரப்புக் காப்புறுதி எடுப்பது கட்டாயமானது.

நம் நாட்டில் விற்கப்படும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, சட்டம் கேட்பதைவிட ஒரு படி கூடவே தருகிறது. அடுத்தவரின் சொத்துச் சேதத்துக்கும், பொதுவாக 30 லட்சம் ரிங்கிட் வரை, அதில் பாதுகாப்பு உண்டு. உங்களை இடித்தவரிடம் இருப்பது முழுமையான காப்புறுதியா மூன்றாம் தரப்பா என்பது இங்கே பொருட்டல்ல. இரண்டிலும் இந்தப் பகுதி இருக்கும்.

சரி, இடித்தவர் ஏன் அந்த இடத்திலேயே 'செட்டல்' பண்ணப் பார்க்கிறார்? என் வகுப்புத் தோழி ஒருத்தியின் கஞ்சில், ஸ்கூடாயில் சிவப்பு விளக்கில் நின்றபோது பின்னால் இடிபட்டது. இறங்கி வந்தவர் நல்ல மனிதர்தான். "போலீஸ் எல்லாம் வேண்டாம்மா, முந்நூறு வெள்ளி தரேன், முடிச்சுக்கலாம்" என்றார். தோழி, "அங்கிள், கார் அப்பா பேர்ல இருக்கு. அவர்கிட்ட கேக்காம நான் எதுவும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டாள். பயத்தில் சொன்னதுதான், ஆனால் அதைவிடச் சரியான பதில் இருந்திருக்க முடியாது. மறுநாள் பட்டறையில் சொன்ன தொகை 1,800 ரிங்கிட்.

அவர் 300 ரிங்கிட்டை நீட்டியதன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவரின் ஆண்டுக் கட்டணம் 1,500 ரிங்கிட் என்று வையுங்கள். ஐந்து ஆண்டுகள் கோரிக்கை ஏதும் இல்லாமல் ஓட்டியவருக்கு என்.சி.டி. கழிவு 55 விழுக்காடு. ஆகவே அவர் கட்டுவது 675 ரிங்கிட்தான். உங்களுக்கு அவருடைய நிறுவனம் பணம் கொடுத்தால் அந்தக் கழிவு பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். பிறகு ஆண்டுக்கு ஆண்டு 25, 30, 38.33, 45 என்று ஏறித்தான் மறுபடியும் 55-ஐத் தொட வேண்டும். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் அவர் கூடுதலாகக் கட்டப்போவது ஏறக்குறைய 2,050 ரிங்கிட். அதற்குமேல் போலீஸ் அபராதம். அவருக்கு 300 ரிங்கிட் லாபமான பேரம். உங்கள் காருக்கு அது பம்பர் விலைகூட ஆகாது.

நேரடியாகப் பணம் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சின்னக் கீறலுக்கு நான்கு மாதம் அலைவதைவிட அது மேல். ஆனால் பட்டறையில் விலை கேட்பதற்கு முன்னால் தொகையை ஒப்புக்கொள்ளாதீர்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற பொருளில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்து, நேரம். சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி விபத்து நடந்தால் வாகனத்தை நிறுத்தி விவரம் தர வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். புகார் செய்யும்போது சோர்வாக இருந்தாலும் எழுதப்பட்டதை வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். மலாய்மொழியில் 'லங்கார்' என்ற ஒரே சொல்லை வைத்து யார் யாரை இடித்தார் என்பது மாறிப்போகும். எந்தப் பாதை, எந்தத் திசை, விளக்கு என்ன நிறம், கார் நின்றிருந்ததா ஓடிக்கொண்டிருந்ததா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். விசாரணை அதிகாரி முடிவு செய்த பிறகு, அந்த முடிவையும் விபத்து இடத்தின் வரைபடத்தையும் கட்டணம் செலுத்திப் பெறலாம். யார் மீது தவறு என்பதில் நீதிமன்றத்துக்கே இறுதிச் சொல் என்றாலும், காப்புறுதி நிறுவனங்கள் முதலில் பார்ப்பது இந்தத் தாளைத்தான்.

கைத்தொலைபேசியில் படம் எடுக்கும்போது பலர் அடிபட்ட இடத்தை மட்டும் அருகில் வைத்து எடுக்கிறார்கள். இரண்டு கார்களும் சாலைக் கோடுகளும் ஒன்றாகத் தெரியும் தூரப் படம்தான் தவறு யாருடையது என்று சொல்லும். எதிராளியின் எண் பட்டை, ஓட்டுநர் உரிமம், அடையாள அட்டை, காப்புறுதி விவரம் எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். 2023 பிப்ரவரி முதல் தனியார் வாகனங்களில் சாலை வரி வில்லையை ஒட்டவேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே கண்ணாடியைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நண்பர்கள் சொல்லும் ஒரு யோசனை நமக்குப் பொருந்தாது. "உன் சொந்த இன்சூரன்ஸ்லயே கிளேய்ம் பண்ணு, அவங்க அந்தப் பக்கம் பார்த்துக்குவாங்க, உன் என்.சி.டி. போகாது" என்பார்கள். இரண்டு தரப்பிலும் முழுமையான காப்புறுதி இருக்கும்போது நிறுவனங்களுக்கிடையே உள்ள 'நாக் ஃபோர் நாக்' ஏற்பாடு அது. மூன்றாம் தரப்பு மட்டும் வைத்திருப்பவர் எதிராளியின் நிறுவனத்திடம் நேராகத்தான் போக வேண்டும். கோரிக்கை வைப்பவர் காரின் உரிமையாளர். கார் அப்பா பெயரில் இருந்தால் போலீஸ் புகார் உங்களுடையது, கோரிக்கை அப்பாவுடையது.

இதில் முக்கியமான மனிதர் அட்ஜஸ்டர் எனப்படும் சேத மதிப்பீட்டாளர். அவர் பார்த்துப் படம் எடுக்கும்வரை காரில் கைவைக்கக் கூடாது. பதிவுபெற்ற மதிப்பீட்டாளரை நீங்களே அமர்த்திக்கொண்டு, அவருடைய கட்டணத்தையும் கோரிக்கையில் சேர்க்கலாம். அவர் அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கும்: பழுதுபார்க்க எவ்வளவு, எத்தனை நாள். அந்த நாள் கணக்குக்கும் பணம் உண்டு. கார் இல்லாமல் நீங்கள் கிராப் பிடித்து வகுப்புக்குப் போன நாள்களுக்கான ஈடு அது. 'கார்ட்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

கேட்காமல் விட்டால் அது யாருக்குப் போகிறது? விபத்து நடந்த சில நிமிடங்களில், கூப்பிடாமலே இழுவை லாரி வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். "கையெழுத்து மட்டும் போடுங்க தம்பி, கிளேய்ம் எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்பார்கள். உண்மையாகவே ஒழுங்காகச் செய்துகொடுக்கும் பட்டறைகள் உண்டு. ஆனால் நீட்டப்படும் தாள்களில் ஒன்று 'சூராட் குவாசா', அதாவது அதிகாரக் கடிதமாக இருக்கலாம். பணம் முழுவதையும், நாள் ஈட்டுத் தொகை உட்பட, பட்டறையே பெற்றுக்கொள்ள அது வழிவிடும். எழுதப்படாத இடங்கள் உள்ள தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போடுவதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கார் மிகப் பழையதாக இருந்து, பழுதுபார்க்கும் செலவு அதன் சந்தை விலையைத் தாண்டினால், சந்தை விலைக்குமேல் கிடைக்காது. தவறு இருவரிடமும் இருந்தால் விகிதப்படி குறையும். உங்கள் மீது 30 விழுக்காடு என்று முடிவானால் 1,800 ரிங்கிட்டில் 1,260 வரும்.

ஜொகூரில் இருப்பவர்களுக்கு மற்ற மாநிலத்தாருக்கு இல்லாத ஒரு தலைவலி இருக்கிறது. இடித்தது சிங்கப்பூர்ப் பதிவு கார் என்றால்? அந்தக் கார்களின் காப்புறுதி மேற்கு மலேசியாவிலும் செல்லும். ஆகவே உரிமை அதே உரிமைதான். ஆனால் ஓட்டுநர் அன்றிரவே பாலம் கடந்துவிடுவார். விபத்து நடந்த இடத்திலிருந்து இருவரும் சேர்ந்தே போலீஸ் நிலையத்துக்குப் போவது நல்லது. அவருக்கும் இங்கே 24 மணி நேரக் கடமை உண்டு என்பதைப் பணிவாக நினைவுபடுத்தலாம். பிறகு நீதிமன்றம் என்று வந்தால், வழக்குத் தாளை எல்லை தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே செலவாகும். முதல் நாள் ஆதாரம் எவ்வளவு வலுவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த நிலை வராமல் இருக்கும்.

எதிராளியிடம் காப்புறுதியே இல்லையென்றால்? மோட்டார் காப்புறுதியாளர் வாரியம் காயத்தையும் மரணத்தையும் மட்டுமே பார்க்கும், காரைப் பார்க்காது. அப்போது அந்த நபர் மீதுதான் வழக்குப் போட வேண்டும். 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை நடைமுறை உண்டு. படிவம் 198-ஐ நீங்களே நிரப்பலாம். இரு தரப்பும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் மாணவருக்கும் முதலாளிக்கும் அங்கே ஒரே நாற்காலிதான். ஆறு ஆண்டுகளுக்குள் போட்டாக வேண்டும். இடித்துவிட்டு ஓடியவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால் சேதம் நம்முடையதே.

நிறுவனம் கோரிக்கையை மறுத்தாலோ மிகக் குறைந்த தொகையைச் சொன்னாலோ முதலில் அதன் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அதிலும் தீராவிட்டால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைகேள் அமைப்பான எஃப்.எம்.ஓ.எஸ். இருக்கிறது. நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஆறு மாதங்களுக்குள் அங்கே போக வேண்டும். நம்மிடம் கட்டணம் கேட்க மாட்டார்கள்.

தோழியின் 1,800 ரிங்கிட் வந்து சேர நான்கு மாதம் ஆனது. பாதி நேரம் போலீஸ் முடிவுக்காகவும், மீதி நிறுவனத்தின் மின்னஞ்சலுக்காகவும் காத்திருந்தார்கள். அதுவரை அப்பா தன் கைக்காசில் பின்விளக்கை மட்டும் மாற்றிக்கொடுத்தார். அதுவும் மதிப்பீட்டாளர் பார்த்துப் போன பிறகு.

வெள்ளம் வேறு கதை. 2023 மார்ச்சில் பத்து பஹாட் வாரக்கணக்கில் நீரில் நின்றதே, அதுபோன்ற சமயத்தில் மூன்றாம் தரப்புக் காப்புறுதி உள்ள காருக்குக் கேட்க எதிராளி யாரும் இல்லை. வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பை முழுமையான காப்புறுதியோடுதான் சேர்க்க முடியும். தீக்கும் திருட்டுக்கும் மட்டும் பாதுகாப்பு வேண்டுமென்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. அடுத்த புதுப்பிப்புக்கு முன்னால் அதன் விலையைக் கேட்டுப் பாருங்கள்.