ஸ்ரீபெரும்புதூர்ல கடல் இருந்துச்சா? இலை மெழுகைக் கேளுங்க!

மகாபலிபுரம் டூர்னா ரூட் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஈ.சி.ஆர்.ல பைக், கடற்கரைக் கோயில் முன்னாடி குரூப் போட்டோ, வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுற மாதிரி ஒரு போஸ், மிளகாய் பஜ்ஜி. 'எவ்ளோ பழைய பாறைடா!'ன்னு யாராவது ஒருத்தர் ஃபீல் பண்ணுவார். பழசுதான், சுமார் 250 கோடி வருஷம். ஆனா பாஸ், பூமிக்கு அடியில் பயங்கர சூட்டில் வெந்த பாறை அது. உயிரோட தடயம் எதுவும் அதுக்குள்ள தேறாது.

அது வேணும்னா சிங்கப்பெருமாள் கோயில்ல திரும்பி, ஒரகடம் வழியா ஸ்ரீபெரும்புதூர் போகணும். 1997 வரைக்கும் இதுவும் பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான். கார் கம்பெனிகளுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் கீழே வெளிறிப்போன ஷேல், அதாவது களிமண் இறுகிப் படிந்த தட்டுப் பாறை இருக்கு. பல்லாவரத்தில் 1863-ல் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தாரே ராபர்ட் புரூஸ் ஃபுட், அவர் ஆராய்ந்து எழுதிய பாறைதான் இது. அதிலிருந்த இலை அச்சுகளை ஃபைஸ்ட்மான்டல் 1879-ல் விவரித்தார். பெரும்பாலும் பெரணி, ஊசியிலை மரம், சைக்கஸ் மாதிரியான செடிகள். முதலில் ஜுராசிக் காலம்னு நினைச்சாங்க. இப்போ ஆரம்ப கிரெட்டேசியஸ்னு சொல்றாங்க. பத்துக் கோடி வருஷத்துக்கும் மேலே. இந்தியா அன்டார்ட்டிகாகிட்ட இருந்து பிரிஞ்சு, நம்ம கிழக்குக் கடற்கரை உருவாகிட்டிருந்த நேரம்.

ட்விஸ்ட் இங்கேதான். அதே பாறையில் அம்மோனைட்டும் கிடைச்சிருக்கு. மண் துகளை ஒட்டி ஓடு கட்டிக்கிற ஃபொராமினிஃபெராவும் கிடைச்சிருக்கு. ரெண்டுமே தண்ணியில் வாழ்ந்தவை. அம்மோனைட் சுத்தமான கடல் பிராணி. அப்போ இது கரையா, கடலா? முட்டுக்காடு மாதிரி உப்பங்கழியா, இல்லை பாலாறு வயலூர் பக்கம் கடலில் கலக்கிற மாதிரி ஒரு முகத்துவாரமா? இலை இருக்கு, ஓடும் இருக்குன்னு மட்டும் வெச்சு இதுக்குப் பதில் சொல்ல முடியாது. எது எவ்வளவுன்னு தெரியணும். ஆர்கானிக் ஜியோகெமிஸ்ட்ரி உள்ளே வர்றது அதுக்குத்தான்.

ஐடியா சிம்பிள். உடம்பு மக்கினாலும் சில மூலக்கூறுகளின் எலும்புக்கூடு மட்டும் கோடிக்கணக்கான வருஷம் தாங்கும். பெட்ரோலியத்துக்குள்ளே பச்சையத்தின் மிச்சம் இருக்குன்னு 1930-களில் ஜெர்மனியின் ஆல்ஃப்ரெட் ட்ரைப்ஸ் காட்டினதுதான் இந்தத் துறைக்குப் பிள்ளையார் சுழி. இலை மேல பளபளன்னு இருக்கிற மெழுகில் 27, 29, 31 கார்பன் நீளச் சங்கிலிகள் அதிகம். பாசிக்கு 17 பக்கம். அப்புறம் கொலஸ்ட்ரால் குடும்பம். 27 கார்பன் ஸ்டெரேன் தூக்கலா இருந்தா பாசி. 29 தூக்கலா இருந்தா பெரும்பாலும் தரைச் செடி. 30 கார்பனில் ஒரு வகை இருக்கு, அது தென்பட்டா கடல் வந்துபோனதுக்கு நல்ல சாட்சி. பச்சையத்தின் வாலில் இருந்து வர்ற பிரிஸ்டேன், ஃபைட்டேன் ரெண்டின் விகிதம், அடித்தண்ணியில் ஆக்ஸிஜன் இருந்துச்சா இல்லையான்னு சொல்லும்.

பாறையைப் பொடி பண்ணி, கரைப்பானில் ஊற வெச்சு, ஜி.சி.எம்.எஸ். மெஷினில் விட்டா கிராஃப் வந்துடும். ஆனா சாம்பிளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டீங்கன்னா போச்சு! பிளாஸ்டிக்கின் கெமிக்கல்தான் கிராஃபில் ஜம்முன்னு வந்து நிக்கும். விரல் எண்ணெய் பட்டாலும் அதே கதை. அதனால அலுமினியம் ஃபாயில் சுத்தணும், கண்ணாடிப் பாத்திரத்தை 450 டிகிரியில் சுட்டு எடுக்கணும்.

இது வேலை செய்யுமான்னு கேக்கிறவங்களுக்கு கோதாவரி உதாரணம். 2006-ல் கோதாவரி முகத்துவாரத்துக்கு வெளியே வங்கக் கடலில் துளை போட்டு எடுத்த சேற்றில் இலை மெழுகைப் படிச்சாங்க. மரங்களின் மெழுகும் சோளம் மாதிரியான வறட்சி தாங்கும் புல் வகைகளின் மெழுகும் கார்பன் ஐசோடோப்பில் வேற வேற. இந்தியத் தீபகற்பத்தின் உள்பகுதி சுமார் 4,000 வருஷத்துக்கு முன்னால் நல்லா காயத் தொடங்கியதும், 1,700 வருஷத்துக்கு முன்னால் இன்னும் காய்ஞ்சதும் அதில் தெரிஞ்சது. 2012-ல் வந்த அந்தக் கட்டுரையை எழுதினவர்களில் ஒருவர் டிமோதி எக்லின்டன். இலை மெழுகு ஆராய்ச்சிக்கு 1960-களிலேயே ரோடு போட்ட ஜெஃப்ரி எக்லின்டனின் மகன்! காவிரிப் படுகையில் நம்ம ஓ.என்.ஜி.சி. எண்ணெய்க்கு மூலமும் கிரெட்டேசியஸ் ஷேல்தான். அங்கேயும் இதே ஸ்டெரேன் கணக்குதான் ஓடுது.

அப்போ ஸ்ரீபெரும்புதூர்லயும் உடனே செஞ்சுடலாமேன்னா, சிக்கல் இருக்கு. மேலாகக் கிடைக்கிற ஷேல் வெயில், மழை, காத்து பட்டு வெளுத்துப்போனது. இலையோட அச்சு இருக்கும். அதன் கார்பன் பெரும்பாலும் ஆக்ஸிஜனோட போயாச்சு. காத்து தொடாத கறுத்த ஷேல் வேணும்னா ஆழமா துளை போடணும். துளை போட யாரு காசு தருவாங்கன்னு கேக்காதீங்க. ஃபேக்டரி அஸ்திவாரத்துக்கும் போர்வெல்லுக்கும் அந்த ஏரியாவில் எத்தனையோ இடத்தில் தோண்டிக்கிட்டேதான் இருக்காங்க. வெளியே வர்ற மண் நேரா லாரியில் ஏறி, ஏதாவது பள்ளத்தை நிரப்பப் போயிடுது. சிவில் பசங்க சாயில் டெஸ்ட்டுக்குப் போறப்போ, கறுப்பா ஒரு துண்டு வந்தா ஃபாயிலில் சுத்தி, இடத்தையும் ஆழத்தையும் எழுதி, பக்கத்து ஜியாலஜி டிபார்ட்மென்ட்டில் கொடுத்துப் பாருங்களேன். கான்கிரீட் போட்டதுக்கு அப்புறம் அந்த இடத்தில் திரும்பத் தோண்ட யாரும் விடமாட்டாங்க.