ஒரே தோப்புக்கு மூன்று கணக்கு

கறம்பக்குடி வட்டத்தில் ஒரு தென்னந்தோப்பை விலை பேச வருபவர் முதலில் கேட்பது, இந்த இடம் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். அந்தத் தோப்புக்காரருக்குக் கடன் கொடுக்கும் சங்கம் கேட்பது வேறு: இவருக்கு மொத்தம் எவ்வளவு நிலம்? முன்னதற்குக் கிராம நிர்வாக அலுவலர் புல எண் வரிசையில் இருக்கும் 'அ' பதிவேட்டைப் புரட்ட வேண்டும். பின்னதற்குப் பட்டா எண் வரிசையில் ஓடும் சிட்டா. இந்தப் பசலி ஆண்டில் என்ன பயிர் என்று கேட்டால் அடங்கல்.

மண் ஒன்றுதான், கணக்கு மூன்று. தாளில் எழுதியது ஒரே வரிசையில்தான் நிற்கும். வேறு பக்கத்திலிருந்து கேள்வி வந்தால் முழுக் கணக்கையும் இன்னொரு வரிசையில் எழுதி வைத்திருக்க வேண்டும். விற்பனைக்குப் பிறகு ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டுவிட்டால் இரண்டு ஏடும் இரண்டு உண்மை சொல்லும்.

இந்தச் சிக்கலுக்குக் கணினி உலகம் கண்ட விடை 1970-இல் வந்தது. தரவை எளிய அட்டவணைகளாக ஒருமுறை மட்டும் எழுதி வைத்தால் போதும், எந்தப் பக்கத்திலிருந்தும் கேட்கலாம் என்றார் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட். அப்படிக் கேட்பதற்கான மொழியை 1974-இல் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சேம்பர்லினும் பாய்ஸும் முன்வைத்தார்கள். அதுதான் இன்றைய எஸ்க்யூஎல். என்ன வேண்டும் என்று சொன்னால் போதும். எப்படித் தேடுவது என்பது இயந்திரத்தின் பாடு. இன்று அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்து, பட்டா எண்ணாலோ புல எண்ணாலோ நிலத்தைப் பார்க்க முடிகிறது.

தரவைப் பரிமாறப் பயன்படும் ஜேசான் வடிவம் வேறு வகை. ஒரு பட்டா, அதன் கீழே புல எண்கள், ஒவ்வொன்றின் கீழே பரப்பு, தீர்வை என்று கிளை பிரியும் வடிவம். ஒரே பட்டாவைக் கைபேசிக்கு அனுப்ப இதைவிட வசதியானது இல்லை. ஊர்க் கணக்கு முழுவதையும் இதிலேயே வைத்தால்தான் தொல்லை. அண்ணன் தம்பி மூவருக்குக் கூட்டுப் பட்டா. மூத்தவருக்குத் தனிப் பட்டாவும் உண்டு. அவர் பெயர் இரண்டு கிளைகளில் வரும், ஒன்றில் எழுத்துப்பிழையோடு. ஏட்டில் இருந்த பழைய நோய்தான். சேமிக்க அட்டவணை, அனுப்ப ஜேசான் என்று பிரித்துக்கொள்வதே இங்கே நல்லது.

அட்டவணையைக் காற்புள்ளி இட்டுப் பிரித்த வெறும் எழுத்தாக அனுப்பும் சிஎஸ்வி கோப்பில் இன்னொரு ஆபத்து. எது எண், எது எழுத்து என்று அது சொல்வதே இல்லை. 12/3 என்ற புல எண்ணை எக்செல்லில் திறந்தால் மார்ச் 12 என்பதுபோல் தேதியாகிவிடும். மரபணு ஆய்வாளர்களும் இதில் மாட்டினார்கள்: 'மார்ச்1' என்ற மரபணுப் பெயர் தேதியாக மாறிக்கொண்டே இருந்ததால், பெயர் சூட்டும் குழு 2020-இல் அதைப் போன்ற பெயர்களையே மாற்றியதாக அறிவித்தது.

புல எண்ணை அப்படி மாற்ற முடியாது. கல் நட்ட எண் அது. கோப்பை இறக்கும்போதே அந்தப் பத்தியை 'எழுத்து' என்று குறித்துவிட வேண்டும். ஜேசானில் மேற்கோள் குறிக்குள் வைத்தால் 12/3 அப்படியே இருக்கும்.