ரொக்கம் வற்றிய கல்லா

சென்னை திருவான்மியூரில் 1997-ல் மளிகையும் மருந்தும் விற்ற முதல் சுபிக்‌ஷா கடை திறந்தபோது ஏ.சி. இல்லை, அலங்காரம் இல்லை. அடுத்தடுத்த கடைகளும் பெரும்பாலும் உள்தெருக்களில்தான். வாடகையில் மிச்சம் பிடித்ததை விலையில் குறைத்தார்கள். மருந்துக்கு 10 சதவீதத் தள்ளுபடி என்றதும் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்கள் தேடி வந்தார்கள். நிறுவனர் ஆர்.சுப்பிரமணியன் ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். படித்தவர். கம்பெனிகளுக்குச் சீக்கிரம் பணம் கொடுத்துக் கூடுதல் கழிவு வாங்கினார். இந்தக் கட்டம்வரை, நகரத்தார் ஊரான காரைக்குடியில் எந்த வட்டிக்கடைக் கணக்கப்பிள்ளையும் குறை சொல்லியிருக்க மாட்டார்.

தமிழ்நாட்டுக்குள் இருந்தவரை கடைகள் 150-ஐ ஒட்டியே இருந்தன. பிறகு டெல்லி, மும்பை, குஜராத் என்று ஓடி, 2008-ல் சுமார் 1,600.

பர்மாவிலும் 1930 வாக்கில் நகரத்தார் எனும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் ஏறத்தாழ 1,650 என்று ஒரு கணக்கு உண்டு. எண் ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனால் அமைப்பு வேறு. அங்கே ஒவ்வொன்றும் தனி முதல், தனிப் பேரேடு. கொண்டுவிற்கக் கடல் தாண்டிப் போன ஏஜெண்டு மூன்று வருஷத் தவணை முடிந்து ஊர் திரும்பினால் முதலாளியிடம் கணக்கு ஒப்பித்தாக வேண்டும். ஒன்று நொடித்தால் எல்லாம் நொடிக்காது.

அவர்களும் விழுந்தார்கள். நெல் விலை சரிந்து, கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் போக, முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938-க்குள் 25 சதவீதமானது. ஏட்டில் சொத்து, பெட்டியில் ரொக்கம் இல்லை.

சுபிக்‌ஷாவுக்கும் அதே நோய்தான், ஆனால் தானே வரவழைத்துக்கொண்டது. விரிவாக்கம் பெரும்பாலும் கடனில் நடந்தது. வங்கிக் கடன் மட்டும் சுமார் 750 கோடி ரூபாய். 2008-ல் அசிம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் 10 சதவீதப் பங்கை 230 கோடிக்கு வாங்கியதாகப் பெரிதாகப் பேசப்பட்டது. அந்தப் பணம் கல்லாவுக்கு வரவில்லை. பங்கை விற்ற ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சருக்குப் போனது! அதே ஆண்டு உலக நிதி நெருக்கடியில் புதுக் கடனும் வறண்டது.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. சரக்கு நின்றது, வாடகை நின்றது, சம்பளம் நின்றது. கூலி கிடைக்காத காவலாளிகள் விலகிக்கொள்ள, பல கடைகள் சூறையாடப்பட்டதாக நிறுவனமே சொன்னது. 2009 தொடக்கத்தில் ஷட்டர்கள் இறங்கிவிட்டன. நிறுவனத்தைக் கலைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2012-ல் உத்தரவிட்டது. நொடித்த செட்டியார் பர்மாவில் தன் முதலை இழந்தார். இங்கே நிலுவைக்காக நின்றவர்களில் அதிகம் பேர் கட்டடச் சொந்தக்காரர்களும் கடைப் பையன்களும்தான்.