நோன்பா, பட்டினியா?



காலையில் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் கல்லூரி செல்லும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். பையில் அம்மா கட்டிக்கொடுத்த சோற்று டப்பா இருக்கும். மாலையில் அது அப்படியே திரும்பி வந்தால், "பசியில்லை போலும்" என்று விட்டுவிடுகிறோம்.

2025 ஜூலையில் குமரி மாவட்டம் குளச்சல் அருகே 17 வயது மாணவர் ஒருவர் இறந்தார். கல்லூரியில் சேருமுன் மெலிய வேண்டும் என்று யூடியூப் பார்த்து, மூன்று மாதம் பழச்சாறு மட்டுமே குடித்து வந்தார் என்றனர் வீட்டார். அதே ஆண்டு மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயது கல்லூரி மாணவி ஒருவர், எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவைத் தவிர்த்து உயிரிழந்தார். பெற்றோர் கொடுத்த உணவை அவர் மறைத்து வைத்தாராம்.

இந்த அச்சம் முற்றினால் மருத்துவர்கள் அதை 'அனோரெக்சியா நெர்வோசா' என்பார்கள். இது பிடிவாதம் அல்ல, மனநோய். எலும்பும் தோலுமான பின்னும், தான் பருமனாக இருப்பதாகவே அவர்கள் நம்புவார்கள். உணவு இல்லாத உடல் கொழுப்போடு தசையையும் கரைக்கிறது. இதயமும் தசைதானே! இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம்.

"தவக்காலம், அதனால் சாப்பிடவில்லை" என்று பிள்ளை சொன்னால் நாம் மகிழ்ந்துவிடுகிறோம். ஆனால் திருச்சபை கட்டாயமாக்கிய நோன்பு நாள்கள் இரண்டே: திருநீற்றுப் புதன், புனித வெள்ளி. அன்றும் ஒரு முழு உணவு உண்டு. 18 வயது நிறையாதவருக்கும் நோயாளிக்கும் அந்தக் கடமை இல்லை. நோன்பில் மிச்சமாகும் சோறு ஏழைக்குப் போகிறது. பாஸ்காவோடு நோன்பு முடிகிறது. கண்ணாடிக்கு அஞ்சும் பட்டினி யாருக்கும் சோறு போடுவதில்லை. அதற்கு முடிவும் இல்லை.

இதில் நம் பங்கும் உண்டு. "குண்டு", "இப்படி இருந்தா யார் கட்டிக்குவா?" என்று விருந்தில் நாம் சிரித்துச் சொன்னதை அந்தப் பிள்ளை இரவில் நினைத்து அழுகிறது.

எடை வேகமாகக் குறைகிறதா? அடிக்கடி மயக்கம், குளிர் என்கிறார்களா? சாப்பிட்டவுடன் கழிவறைக்குப் போகிறார்களா? திட்டாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மிகவும் மெலிந்தவருக்குத் திடீரென நிறைய ஊட்டுவதும் ஆபத்து. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணில் தமிழிலும் பேசலாம்.

இன்றிரவு குடும்பமாக அமர்ந்து உண்போம். உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அந்த நாள் எப்படிப் போயிற்று என்று மட்டும் பிள்ளையிடம் கேட்போம்.